உங்களுக்குத் தெரியுமா? விமானத்தில் திரைக்கு அந்தப் பக்கம்

தெஹிவளையிலும் வெள்ளவத்தையிலும் விமான டிக்கட் பற்றிப் பேசாத வீடு குறைவு. ஒரு பிள்ளை லண்டனில், ஒரு பிள்ளை ரொறன்ரோவில், தம்பி குடும்பம் சூரிச்சில் என்று ஆளுக்கொரு திக்கு. காலி வீதியில் உள்ள பயண முகவர்களிடம் முன்பெல்லாம் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றுதான்: ‘எது மலிவு?’ இப்போது இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது: ‘அம்மாவுக்கு வயது போய்விட்டது, பிஸ்னஸ் கிளாஸ் போட்டால் என்ன? எந்த எயார்லைன்ஸ் திறம்?’ இந்தக் கேள்விக்கு ஒரே வரியில் பதில் இல்லை. துண்டு துண்டாகத்தான் சொல்லலாம்.

● தெஹிவளையிலிருந்து தெற்கே போகும் ரயிலில் இரண்டாவது நிலையம் இரத்மலானை. இலங்கையின் முதல் விமான நிலையம் அங்கேதான் அமைந்தது. 1935 நவம்பர் 27ஆம் திகதி அங்கு முதலில் இறங்கிய சிறு விமானம் வந்தது சென்னையிலிருந்து. ஓட்டி வந்தவர் மெட்ராஸ் பறக்கும் கழகத்தின் பயிற்றுநர் டின்டேல் பிஸ்கோ. 1938இல் டாடா எயார்லைன்ஸ் சென்னை வழியாகக் கொழும்புக்குத் தபால் கொண்டுவரத் தொடங்கியது. கட்டுநாயக்க சர்வதேச நிலையமாக எழும்பும்வரை, கொழும்பின் வான்வாசல் நமக்குப் பக்கத்து ஊர்.

● எயார் சிலோனின் முதல் பயணம் 1947 டிசெம்பர் 10. இரத்மலானையில் கிளம்பிய டகோட்டா, காங்கேசன்துறையில் இறங்கி, அங்கிருந்து சென்னைக்குப் போனது. விமானத்தின் பெயர் ‘சீதாதேவி’. நிறுவனத்திடம் இருந்த மூன்று டகோட்டாக்களுக்கும் தேவிமாரின் பெயர்தான். மற்ற இரண்டும் விகாரமகாதேவி, சுனேத்ராதேவி. இருபது சொச்சம் பேர் ஏறும் அந்த விமானத்தில் வகுப்புப் பிரிக்கும் திரைக்குத் தேவையே இருக்கவில்லை. அந்த நாளில் விமானம் ஏறியவர் எல்லோருமே வசதி படைத்தவர்கள்.

● ‘எக்கொனமி’தான் பிறகு வந்தது. அத்திலாந்திக் கடலுக்கு மேலான பயணங்களில் மலிவான ‘டூரிஸ்ட்’ கட்டணம் அறிமுகமானது 1952இல். எக்கொனமி என்ற பெயரில் இன்னும் குறைந்த கட்டணம் 1958இல் வந்தது. அதாவது மேல்வகுப்பை யாரும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. பழைய விமானத்தின் பின்பாதியில் ஆசனங்களை நெருக்கி அடுக்கியபோது, மிஞ்சிய முன்பாதிக்கு அந்தப் பெருமை தானாக வந்து சேர்ந்தது.

● பிஸ்னஸ் கிளாஸ் மட்டும் உண்மையிலேயே புதியது. 1970களின் கடைசியில், முழுக் கட்டணம் கொடுத்துப் பறந்த வியாபாரிகள், பக்கத்து ஆசனத்தில் அரை விலைக்கு வந்த உல்லாசப் பயணியைப் பார்த்து முணுமுணுத்தார்கள். அவர்களைச் சமாதானப்படுத்த எழுந்த ஏற்பாடு அது. குவாண்டாஸ் 1979இல் அதைத் தனி வகுப்பாகவே கொண்டுவந்தது. அதே 1979 செப்டெம்பர் முதலாம் திகதி எயார் லங்காவும் பறக்கத் தொடங்கியது. சிங்கப்பூர் எயார்லைன்ஸிடம் வாடகைக்கு எடுத்த இரண்டு போயிங் 707 விமானங்களே அதன் முதல் முதலீடு.

● 1980களில் எயார் லங்காவிடம் இரண்டு போயிங் 747 ஜம்போக்களும் இருந்தன. ‘விஜய ராஜா’, ‘திஸ்ஸ ராஜா’ என்று அரசர் பெயர் சூட்டினார்கள். 1984இல் வந்தவை 1987க்குள் போய்விட்டன. தேவிமாரின் காலம் இதைவிட நெடியது.

● எயார் சிலோனுக்கும் முந்திய ஓர் அபூர்வப் பயணம் காலிக்கு அப்பால் கொக்கல ஏரியில் நடந்தது. இரண்டாம் உலகப் போரில் சிங்கப்பூர் ஜப்பானிடம் விழுந்ததும் அவுஸ்திரேலியாவுக்கும் பிரித்தானியாவுக்கும் இடையிலான வான்வழி அறுந்துவிட்டது. 1943 முதல் 1945 வரை குவாண்டாஸின் கட்டலினா கடல்விமானங்கள் பேர்த் நகரிலிருந்து கொக்கலைக்கு இந்து சமுத்திரத்தை ஒரே மூச்சில் கடந்தன. தூரம் ஐயாயிரத்து ஐந்நூறு கிலோமீற்றருக்கு மேல். நேரம் 27 முதல் 33 மணித்தியாலம் வரை. எதிரிக்குத் தெரியாதிருக்க வானொலி பேசவே கூடாது.

ஒரு பயணத்தில் ஏறக்கூடியவர்கள் மூன்றே பேர். எரிபொருள்தான் விமானத்தை நிறைத்திருந்தது. ஒரே பயணத்தில் இரண்டு தடவை சூரிய உதயம் பார்த்ததற்காக அவர்களுக்கு ‘இரட்டைச் சூரியோதய இரகசியச் சங்கம்’ என்று சான்றிதழ் கொடுத்தார்கள். இன்று எந்த ஃபெர்ஸ்ட் கிளாஸிலும் மூன்று பேருக்காக ஒரு விமானம் பறப்பதில்லை. குளிரும் இரைச்சலும் தாங்கியபடி ஒன்றரை நாள் இருப்பதை எந்தப் பணக்காரரும் இன்று ஒப்புக்கொள்ளமாட்டார் என்பது வேறு கதை.

● ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸில் இப்போது ஃபெர்ஸ்ட் கிளாஸ் இல்லை. பிரிமியம் எக்கொனமியும் இல்லை. பிஸ்னஸ், எக்கொனமி என்று இரண்டே வகுப்பு. ஆனால் ஒரே ‘பிஸ்னஸ்’ என்ற பெயருக்குள் இரண்டு வேறு உலகங்கள் இருக்கின்றன. 2014 முதல் வந்த ஏ330-300 விமானங்களில் பிஸ்னஸ் ஆசனங்கள் 28. ஒரு வரிசைக்கு 1-2-1. எல்லாமே படுக்கையாக விரியும், எல்லாருக்கும் நேரே நடைபாதை. சென்னைக்கும் மாலேக்கும் ஓடும் ஏ320, ஏ321 வகை ஒற்றைப்பாதை விமானங்களில் முன்னால் 12 ஆசனங்கள். ஒரு வரிசைக்கு 2-2. அகலமான சாய்வு ஆசனம், அவ்வளவுதான். படுக்க முடியாது.

ஆகவே ‘ஸ்ரீலங்கன் பிஸ்னஸ் எப்படி?’ என்று கேட்பவருக்கு, ‘எந்த விமானத்தில்?’ என்று திருப்பிக் கேட்பதுதான் நியாயமான பதில். இந்தக் கேள்வியை எல்லா எயார்லைன்ஸுக்கும் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும்.

● எமிரேட்ஸ் என்றால் தங்க நிறக் கைப்பிடியும் குளியலறையும் நினைவுக்கு வரும். வானத்தில் குளிக்கிற வசதி அதன் ஏ380 விமானத்தின் ஃபெர்ஸ்ட் கிளாஸில் 2008இல் வந்தது உண்மை. ஆனால் கொழும்புக்குப் பெரும்பாலும் வருவது போயிங் 777. நெடுங்காலம் அதன் பிஸ்னஸ் கிளாஸில் ஒரு வரிசைக்கு ஏழு ஆசனங்கள், 2-3-2. இலட்சக்கணக்கில் பணம் கட்டிவிட்டு இரண்டு பேருக்கு நடுவில் மாட்டிக்கொள்வது பிஸ்னஸ் கிளாஸிலும் நடக்கும் என்பதற்கு உலகப் புகழ் பெற்ற உதாரணம் அதுதான். அண்மையில் புதுப்பிக்கத் தொடங்கிய விமானங்களில் 1-2-1 ஆக மாற்றியிருக்கிறார்கள். உங்களுக்குக் கிடைப்பது பழையதா புதியதா என்பதை ஆசன வரைபடம் சொல்லும், விளம்பரம் சொல்லாது.

● எமிரேட்ஸின் ஏ380 கட்டுநாயக்கவில் இறங்கிய நாளும் உண்டு: 2017 ஓகஸ்ட் 14. ஓடுபாதையைப் புதுப்பித்து முடித்ததைக் கொண்டாட ஒருநாள் விருந்தாளியாக வந்தது.

● 1998இல் எயார் லங்காவின் பங்குகளை எமிரேட்ஸ் வாங்கியது. நிர்வாகமும் அதன் கைக்குப் போனது. எயார் லங்கா ஸ்ரீலங்கன் ஆனதும் அப்போதுதான். உடன்பாடு 2008இல் முடிந்தது. பிறகு ஸ்ரீலங்கன் 2014 மே 1ஆம் திகதி ‘வன்வேர்ல்ட்’ கூட்டணியில் சேர்ந்தது.

இதிலே சாதாரணப் பயணிக்கு என்ன இலாபம்? ஸ்ரீலங்கனின் ‘ஃப்ளைஸ்மைல்ஸ்’ அட்டையில் சேரும் மைல்களைக் கட்டார் எயார்வேய்ஸிலும் பிரிட்டிஷ் எயார்வேய்ஸிலும் கத்தே பசிபிக்கிலும் செலவழிக்கலாம். எமிரேட்ஸ் அந்தக் கூட்டணியில் இல்லை. அடிக்கடி பறந்து ‘கோல்ட்’ தரத்துக்கு ஏறியவர் எக்கொனமி டிக்கட்டில் போனாலும் கூட்டணி விமானங்களின் பிஸ்னஸ் ஓய்வறைக்குள் நுழையலாம். ஒவ்வொரு தடவையும் பத்து டொலர் மலிவுக்காக எயார்லைன்ஸை மாற்றுகிறவர்களுக்கு இந்த வாசல் ஒருநாளும் திறப்பதில்லை.

● கட்டார் எயார்வேய்ஸின் ‘கியூசூட்’ 2017இல் வந்தது. பிஸ்னஸ் ஆசனத்துக்குச் சறுக்குக் கதவு, நடு ஆசனங்கள் இரண்டைச் சேர்த்தால் இரட்டைக் கட்டில், நாலு பேர் எதிரெதிரே இருந்து சாப்பிடும் ஏற்பாடு என்று மற்ற நிறுவனங்களின் வயிற்றில் புளியைக் கரைத்தது. ஆனால் கட்டாரின் எல்லா விமானங்களிலும் அது இல்லை. அதன் சில 777, ஏ350 விமானங்களில் இருக்கும். 787-8இல் இல்லை. டோஹாவரை ஒரு மாதிரி, டோஹாவுக்கு அப்பால் இன்னொரு மாதிரி என்று ஒரே டிக்கட்டில் இரண்டு தரம் அமைவது சர்வசாதாரணம். கொழும்பு–டோஹா ஐந்து மணித்தியாலம். டோஹா–ரொறன்ரோ பதின்மூன்று மணித்தியாலத்துக்கு மேல். நல்ல ஆசனம் எந்தத் துண்டில் வருகிறது என்று பார்க்காமல் பணம் கட்டுவது புத்திசாலித்தனமல்ல.

● சிங்கப்பூர் எயார்லைன்ஸின் பிஸ்னஸ், ஃபெர்ஸ்ட் பயணிகள் தங்கள் பிரதான சாப்பாட்டை முன்கூட்டியே ஒரு பட்டியலிலிருந்து தெரிவுசெய்து வைக்கலாம். 1998இலிருந்து இந்த வழக்கம். 2021இல் இன்னொரு காரியமும் செய்தார்கள். சிறிய 737-8 விமானத்திலேயே முழுதாகப் படுக்கும் ஆசனம் போட்டார்கள். ஒற்றைப்பாதை விமானம் என்றால் சாய்வு ஆசனம்தான் என்ற விதியை இடத்தை மிச்சம் பிடிக்க நினைக்கும் நிறுவனங்கள்தான் உண்டாக்கின என்பது அன்று தெரிந்தது.

● முழுதாகப் படுக்கும் கட்டிலை ஃபெர்ஸ்ட் கிளாஸுக்குக் கொண்டுவந்ததும் (1990களின் நடுவில்), பிஸ்னஸுக்குக் கொண்டுவந்ததும் (2000) பிரிட்டிஷ் எயார்வேய்ஸ். பிந்தியதில் ஒருவர் முன்னே பார்த்தும் அடுத்தவர் பின்னே பார்த்தும் இருக்கவேண்டும். விமானம் கிளம்பும்போது முன்பின் தெரியாத ஒருவரின் முகத்தை ஓரடி தூரத்தில் பார்த்துக்கொண்டே போகிற அனுபவம் அது. 2019இல் கதவு வைத்த புதிய ஆசனம் வந்தபிறகு மெல்ல மெல்ல அந்தச் சங்கடம் தீர்ந்துவருகிறது.

● ஐரோப்பாவுக்குள் பறக்கும் லுப்தான்சா, பிரிட்டிஷ் எயார்வேய்ஸ் போன்றவற்றின் குறுந்தூர பிஸ்னஸ் கிளாஸ் எப்படி இருக்கும்? எக்கொனமி ஆசனமேதான். நடு ஆசனத்தை மட்டும் வெறுமையாக விடுவார்கள். முன்னால் ஒரு திரை. சாப்பாடு கொஞ்சம் நல்லது. லண்டனிலிருந்து சூரிச்சுக்கோ பாரிஸுக்கோ கலியாண வீட்டுக்குப் போகும் உறவினர் ‘நாங்கள் பிஸ்னஸில்தான் போனோம்’ என்று சொன்னால், மரியாதைக்குத் தலையாட்டுங்கள், பொறாமைப்பட வேண்டாம்.

● இனிப் பலாலி. யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் 2019 ஒக்டோபர் 17ஆம் திகதி திறந்துவைக்கப்பட்டது. அலையன்ஸ் எயார் சென்னைச் சேவையை அடுத்த மாதம் தொடங்கியது. கொரோனாவில் நின்று 2022 டிசெம்பரில் மீண்டும் வந்தது. 2024 செப்டெம்பர் 1 முதல் இண்டிகோவும் சென்னையிலிருந்து பறக்கிறது. 2025 மார்ச் கடைசியில் திருச்சிச் சேவையும் சேர்ந்தது. ஓடுவது ஏடிஆர் 72, காற்றாடி விமானம். மேல்வகுப்பு கிடையாது.

ஆனால் அதற்குள்ளும் ஒரு மேல்வகுப்பு ஒளிந்திருக்கிறது. ஏடிஆரில் பயணிகள் ஏறும் வாசல் பின்பக்கம். முன்பக்கத்தில் இருப்பது சாமான் அறை. காற்றாடிகள் சுழல்வதும் முன்பாதிக்குப் பக்கத்தில்தான். ஆகவே இரைச்சல் குறைந்த இடம், முதலில் இறங்கக்கூடிய இடம் இரண்டுமே பின் வரிசைகள். மற்ற விமானங்களில் பழகியவர்கள் முன் வரிசைக்கு மேலதிகமாகப் பணம் கட்டிவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டு போகிறார்கள்.

● போர்க்காலத்தில் இரத்மலானை–பலாலி விமானத்துக்கு வகுப்புகள் இல்லை. ஆசனம் கிடைப்பதே பெரிய காரியம். ஏ9 வீதி மூடப்பட்ட காலங்களில் யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் இடையே சாதாரண மக்களுக்கு மிஞ்சியவை கப்பலும் அந்தச் சிறு விமானங்களும்தான். அதற்கும் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டும். 1998 செப்டெம்பர் 29ஆம் திகதி பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் அன்டனோவ் விமானம் மன்னார்க் கடலில் விழுத்தப்பட்டு, அதிலிருந்த 55 பேரும் இறந்தார்கள்.

● கொழும்பு–சென்னை ஒன்றேகால் மணித்தியாலச் சொச்சம். மேலே ஏறி, சாப்பாட்டுத் தட்டு வந்து, அதை எடுத்துக்கொண்டு போவதற்குள் இறங்கத் தொடங்கிவிடும். இந்தப் பயணத்துக்கு பிஸ்னஸ் டிக்கட் எடுப்பதில் எனக்குத் தெரிந்து ஒரே ஒரு நியாயம்தான் உண்டு: சாமான். மேல்வகுப்பில் பெரும்பாலான நிறுவனங்கள் பத்துக் கிலோவாவது கூடத் தருகின்றன. கலியாணச் சேலை வாங்கத் தி. நகருக்குப் போகிறவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அப்போதும், மேலதிகக் கிலோவை முன்கூட்டியே இணையத்தில் வாங்குவது பெரும்பாலும் மலிவாக முடியும். விமான நிலையத்துத் தராசுக்கு முன்னால் நின்று வாங்குவதுதான் எப்போதும் ஆகக் கூடிய விலை. ஒடியல் மாவும் மிளகாய்த்தூளும் பொதிசெய்யும் அம்மாமாருக்கு இதைச் சொல்லிவையுங்கள்.

● ஸ்ரீலங்கனின் லண்டன் விமானம் வழக்கமாகக் கொழும்பிலிருந்து நண்பகலை ஒட்டிப் புறப்பட்டு, லண்டன் நேரப்படி மாலையில் இறங்கும். திரும்பி வருவது இரவுப் பயணம். பதினொரு மணித்தியாலப் பகல் பயணத்தில் கட்டிலுக்குப் பணம் கட்டுவானேன்? போகும்போது எக்கொனமி, வரும்போது பிஸ்னஸ் என்று கலந்து டிக்கட் போடலாம். பல முகவர்கள் தாமாக இதைச் சொல்வதில்லை. கேட்டால் போட்டுத் தருவார்கள்.

● ‘இந்து சாப்பாடு’ என்று பதிவுசெய்தால் மரக்கறி வரும் என்று நம்புகிறவர்கள் நம்மில் ஏராளம். வராது. விமானச் சாப்பாட்டுக் குறியீட்டில் ‘எச்.என்.எம்.எல்’ என்பது மாட்டிறைச்சி சேராத சாப்பாடு. அதில் கோழியோ ஆட்டிறைச்சியோ மீனோ இருக்கலாம். மரக்கறி வேண்டுமானால் ‘ஏ.வி.எம்.எல்’, அதாவது ஆசிய மரக்கறி. வெங்காயம், உள்ளி, கிழங்கு வகைகளும் கூடாதென்றால் ‘வி.ஜே.எம்.எல்’, சமணர் சாப்பாடு. கந்தசஷ்டி விரத நாளில் பறக்கும் மாமிக்கு எச்.என்.எம்.எல் பதிவுசெய்துவிட்டால் வீட்டில் சண்டை நிச்சயம். பிஸ்னஸ் கிளாஸ் பயணியும் குறைந்தது ஒரு நாளுக்கு முன்பே இதைச் சொல்லிவைக்க வேண்டும். விலை கூடிய டிக்கட் என்பதால் ஆகாயத்தில் புதிதாகச் சமைத்துத் தரமாட்டார்கள்.

2018இல் எமிரேட்ஸ் இந்த இந்து சாப்பாட்டை நிறுத்தப்போவதாக அறிவித்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் சில நாட்களிலேயே முடிவை மாற்றிக்கொண்டது.

● எவ்வளவு பெரிய சமையல்காரரின் பெயரைப் பட்டியலில் போட்டாலும் வானத்தில் நாக்கு பாதிதான் வேலைசெய்யும். ஜேர்மனியின் ஃப்ரான்ஹோஃபர் நிறுவனம் லுப்தான்சாவுக்காக, விமான உடல் ஒன்றை அழுத்தம் குறைந்த அறைக்குள் வைத்துச் சோதித்தது. உப்பும் இனிப்பும் தரையில் உள்ளதைவிடக் குறைவாகவே தெரிந்தன. தக்காளியின் சுவை மட்டும் குன்றவில்லை. விமானத்தில் பலர் தக்காளிச் சாறு கேட்பதன் இரகசியம் இதுதான். நமது புளிக்குழம்பும் வானத்தில் தாக்குப்பிடிக்கும் என்று எனக்கு ஒரு நம்பிக்கை. எந்த எயார்லைன்ஸும் அதைச் சோதிக்க முன்வரவில்லை.

● முன்னால் இருப்பவருக்கும் பின்னால் இருப்பவருக்கும் ஒரே காற்றுத்தான். ஒரே அழுத்தம்தான். கட்டணம் பத்து மடங்கானாலும் இதை மாற்ற முடியாது. வழக்கமான விமானங்களில் உள்ளே இருக்கும் காற்றழுத்தம், எட்டாயிரம் அடி உயர மலையில் நிற்பதற்குச் சமமாகும்வரை இறங்கலாம். நமது பீதுருதாலகால மலையே அதைவிடச் சற்றுத்தான் உயரம். 787, ஏ350 ஆகிய புதிய விமானங்களில் இது ஆறாயிரம் அடி அளவில் நிற்கும். தலையிடி, தொண்டை வறட்சி குறையும். ஆகவே மூச்சுச் சிரமம் உள்ள முதியவருக்குப் பழைய விமானத்தின் பிஸ்னஸைவிடப் புதிய விமானத்தின் எக்கொனமி ஒத்துக்கொள்ளலாம். வைத்தியரிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

● கால் வீங்கி இரத்தம் கட்டிக்கொள்வதை ‘எக்கொனமி கிளாஸ் நோய்’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். பெயரில்தான் எக்கொனமி. உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வின்படி, நான்கு மணித்தியாலத்துக்கு மேல் அசையாமல் இருந்தால் ஆபத்து ஏறத்தாழ இரண்டு மடங்காகும். அது விமானமானாலும் பஸ்ஸானாலும் ரயிலானாலும் ஒன்றுதான். விலை கூடிய ஆசனத்தில் போர்த்திக்கொண்டு அசையாமல் கிடந்தாலும் அதே கதைதான். எழுந்து நடக்கவேண்டும், தண்ணீர் குடிக்கவேண்டும்.

● முதியவர்களுக்கு உண்மையில் களைப்புத் தருவது ஆசனத்தைவிட நடை. டோஹாவிலும் டுபாயிலும் ஹீத்ரோவிலும் ஒரு வாசலிலிருந்து இன்னொரு வாசலுக்குப் போவதற்குள் முழங்கால் போய்விடும். சக்கர நாற்காலி உதவி எல்லா வகுப்புக்கும் இலவசம். டிக்கட் போடும்போதே, அல்லது குறைந்தது 48 மணித்தியாலத்துக்கு முன், சொல்லிவைத்தால் போதும். வரிசைகளிலும் முன்னுரிமை கிடைக்கும். நன்றாக நடக்கக்கூடியவர்கள் வரிசையைத் தப்புவதற்காக நாற்காலி கேட்கும் பழக்கம் நம்மிடையே பரவி வருகிறது. உண்மையில் தேவைப்படுகிறவர் அதனால் காத்துக் கிடக்கிறார் என்பதை மறக்கக்கூடாது.

● பயணம் எந்த ஊரில் தொடங்குகிறது என்பதைப் பொறுத்து மேல்வகுப்புக் கட்டணம் மாறும். லண்டனில் தொடங்கிக் கொழும்புக்கு வந்து திரும்பும் பிஸ்னஸ் டிக்கட் ஒரு விலை. கொழும்பில் தொடங்கி லண்டனுக்குப் போய்த் திரும்புவது இன்னொரு விலை. பெரும்பாலும் கொழும்பில் தொடங்குவதே மலிவு. தூரம் ஒன்று, ஆசனம் ஒன்று, ஆனால் ஒவ்வொரு சந்தையிலும் மக்கள் எவ்வளவு கொடுப்பார்கள் என்று பார்த்துத்தான் விலை போடுகிறார்கள். உலகமெங்கும் உள்ள மைல் சேர்க்கும் பைத்தியங்கள் பிஸ்னஸ், ஃபெர்ஸ்ட் பயணங்களைக் கொழும்பிலிருந்து தொடங்குவதற்காகவே இங்கு வந்து இறங்குவதுண்டு. நமக்கு வாசலிலேயே கிடைக்கும் வாய்ப்பு இது.

நமக்கு மலிவு என்று இதற்குப் பொருள் கொள்ளவேண்டாம். கட்டணத்துக்கு அடிப்படை டொலர். 2022 தொடக்கத்தில் 200 ரூபாய்க்கு நின்ற டொலர் சில மாதங்களில் 360 ஆனபோது, சாதாரண டிக்கட்டே பலருக்குக் கைக்கெட்டாமல் போனது.

● இந்த மலிவு டிக்கட்டில் ஒரு பொறி இருக்கிறது. டிக்கட்டின் முதல் துண்டில் நீங்கள் ஏறாவிட்டால் மிச்சத் துண்டுகள் எல்லாம் தாமாகவே இரத்தாகிவிடும். கொழும்பில் தொடங்கும் மலிவு டிக்கட்டை வாங்கி, டோஹாவில் இருந்து ஏறிக்கொள்ளலாம் என்று திட்டம் போடுகிறவர்கள் விமான நிலையத்தில் நின்று அழவேண்டிவரும்.

● லண்டனிலிருந்து புறப்படுகிறவர் பிரித்தானிய அரசுக்கு வான் பயணிகள் தீர்வை கட்டவேண்டும். அது டிக்கட்டுக்குள்ளேயே ஒளிந்திருக்கும். எக்கொனமிக்கு ஒரு தொகை, அதற்கு மேற்பட்ட எந்த வகுப்புக்கும் அதன் இரண்டு மடங்குக்கு மேல். பிரிமியம் எக்கொனமி எடுத்தவரும் பிஸ்னஸ்காரரோடு சேர்ந்து அதே வரியைக் கட்டுகிறார். 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு எக்கொனமியில் இந்த வரியே கிடையாது, மேல்வகுப்பில் உண்டு. மைல்களைக் கொடுத்து ‘இலவச’ டிக்கட் எடுத்தாலும் வரி தப்பாது.

● பிரிமியம் எக்கொனமி 1992இல் தாய்வானின் ஈவா எயார், பிரித்தானியாவின் வெர்ஜின் அட்லாண்டிக் ஆகியவை தொடங்கிய வகுப்பு. காலுக்கு ஐந்தாறு அங்குலம் கூடுதல் இடம், சற்று அகலமான ஆசனம். படுக்கை அல்ல. பகல் பயணத்துக்கு நல்லது. இரவுப் பயணத்தில் எக்கொனமியைவிடக் கொஞ்சம் மரியாதையாகத் தூக்கம் கெடும்.

● பிஸ்னஸ் கிளாஸுக்குள்ளேயே பல விலைகள் உண்டு. டிக்கட்டில் ‘ஜே’, ‘சி’, ‘டி’, ‘ஐ’ என்று ஓர் எழுத்து இருக்கும். ஆசனம் ஒன்றுதான். ஆனால் ஆகக் குறைந்த எழுத்தில் வாங்கியவருக்குத் திகதி மாற்றப் பணம், இரத்துச்செய்தால் ஒன்றும் திரும்பாது, சேரும் மைல்களும் குறைவு. சில எயார்லைன்ஸ் அந்த மலிவு எழுத்துக்கு ஓய்வறையையும் ஆசனத் தெரிவையும்கூட வெட்டிவிட்டன. கோட்டு சூட்டுப் போட்டுக்கொண்டு போனால் இலவசமாக முன்னால் அனுப்புவார்கள் என்பது பழைய காலத்துக் கதை. விமானம் நிரம்பி வழிந்தால் யாரை முன்னால் அனுப்புவது என்பதைக் கணினி தீர்மானிக்கிறது. அது உங்கள் சட்டையைப் பார்ப்பதில்லை, உறுப்பினர் தரத்தைப் பார்க்கிறது. கடைசி நேரத்தில் வெறுமையாகக் கிடக்கும் ஆசனங்களை ஏலம் விடும் எயார்லைன்ஸும் உண்டு. எக்கொனமி வாங்கிவிட்டு, நேரம் நெருங்கும்போது ஒரு தொகையைக் கேட்டுப் பார்ப்பது நட்டமில்லாத முயற்சி.

● உலக வங்கியின் 2013 ஆய்வொன்று, பிஸ்னஸ் பயணி ஒருவரின் கரிப்புகைக் கணக்கு எக்கொனமிப் பயணியினுடையதைப்போல் மூன்று மடங்கு என்றும், ஃபெர்ஸ்ட் கிளாஸ் ஒன்பது மடங்குவரை போகலாம் என்றும் கணக்கிட்டது. காரணம் எளியது. ஒரு கட்டில் விரியும் இடத்தில் எத்தனை பேரை இருத்தியிருக்கலாம்?

● இரத்மலானையிலிருந்து வெளிநாட்டுப் பயணிகள் சேவை 2022 மார்ச்சில், அரை நூற்றாண்டுக்குப் பின், மாலைதீவு விமானத்தோடு மறுபடி தொடங்கியது. பெரிய ஜெட் விமானங்களுக்கு அதன் ஓடுபாதை போதாது. ஆகவே தெஹிவளைக்காரருக்குக் கட்டுநாயக்கப் பயணம் தப்பாது. 2013 ஒக்டோபரில் அதிவேகப் பாதை திறந்தபிறகு பேலியகொடைக்கு அப்பால் ஓட்டம் சுகம். அதற்கு இப்பால் காலி வீதி நெரிசலில் எல்லா வகுப்பும் சமம்.

● பணம் கட்டுமுன் முகவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். எந்த வகை விமானம்? பிஸ்னஸில் ஒரு வரிசைக்கு எத்தனை ஆசனம்? இரவில் பறப்பது எந்தத் துண்டு? மூன்றுக்கும் பதில் சொல்லாமல் ‘எல்லாம் ஒன்றுதான் அண்ணை’ என்று சொல்கிறவரிடம் எக்கொனமி டிக்கட் மட்டும் வாங்குங்கள்.